ஒரு பெயர், மூன்று ஷேடு: சொந்த பிராண்டு தொடங்கும் தொகுப்பாளினிக்கு

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் சேனலில் பெண்களுக்கான காலை நிகழ்ச்சியைப் பல வருடமாகத் தொகுத்து வழங்குகிறேன். நிகழ்ச்சித் துண்டுகளை யூடியூபில் பார்த்துவிட்டு லண்டன், டொராண்டோவிலிருந்தும் பெண்கள் எழுதுகிறார்கள். தொலைக்காட்சியில் புகழ்பெற்று, பிறகு சீனாவில் அழகுசாதன நிறுவனம் நடத்திய யூ-சாய் கான்தான் எனக்கு முன்மாதிரி. அவரைப் போலக் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஒரு பிராண்டை என் பெயரிலேயே தொடங்க ஆசை. லிப்ஸ்டிக், கண்மை, மஞ்சள் க்ரீம், கூந்தல் தைலம், சன்ஸ்க்ரீன் என்று எட்டு வகை. ஷேடுகளையும் சேர்த்தால் 22 அயிட்டம். சென்னையிலும் லண்டனிலும் ஒரே நாளில் வெளியிட எண்ணம். லிப்ஸ்டிக்கை 299 ரூபாய்க்கு விற்கலாம், நிகழ்ச்சித் துண்டுகளையே விளம்பரத்தில் போடலாம் என்று நினைக்கிறேன். கையில் 25 லட்சம் இருக்கிறது. ஒரு தயாரிப்பாளர், அயிட்டத்துக்கு ஆயிரம் எண்ணிக்கை எடுத்தால் சராசரியாக ஒன்று 85 ரூபாய் விழும் என்கிறார். இன்னொருவர் 60 லட்சம் போடத் தயார். 51 சதவீதப் பங்கும் பெயரின் முழு உரிமையும் கேட்கிறார். அவருடைய ஒப்பந்த வரைவையும் தைல பாட்டிலின் மாதிரிப் படத்தையும் இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?

பதில்: கையெழுத்து இப்போது வேண்டாம். அந்த ஒப்பந்தத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் முன்மாதிரியைப் பற்றிப் பேசிவிடலாம். அவருடைய வெற்றியை நீங்கள் படித்திருக்கிற விதத்தில்தான் 22 அயிட்டம் முளைத்திருக்கிறது.

யூ-சாய் கான் சீனாவின் குய்லினில் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்து, ஹவாயில் பியானோ படித்து, நியூயார்க்கில் குடியேறியவர். 1970களின் கடைசியில் அங்கே கேபிள் தொலைக்காட்சியில் ஆசியாவை அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1986இல் சீன அரசுத் தொலைக்காட்சியில் 'ஒன் வேர்ல்டு' வந்தது. அது எதிர்த் திசை: வெளியுலகத்தைச் சீனர்களுக்குக் காட்டுவது. அவரே தயாரித்து, ஆங்கிலத்திலும் சீனத்திலும் தொகுத்து வழங்கினார். 30 கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். நெற்றியை மறைக்கும் அவருடைய குட்டை முடி வெட்டு சீன நகரங்களில் ஒரு மோஸ்தராகவே ஆனது.

1992இல் கம்பெனி தொடங்கியபோது அவர் கடை விரித்தது சீனாவில். அமெரிக்காவில் குடியிருந்தவர், அங்கேயும் முகம் தெரிந்தவர், ஆனாலும் வியாபாரத்துக்கு ஒரு கரையை மட்டும் தேர்ந்தெடுத்தார். கலாசாரப் புரட்சிக் காலத்தில் முகப்பூச்சு பூர்ஷ்வாத்தனம் என்று ஒதுக்கப்பட்ட நாடு அது. அதிலிருந்து வெளியே வந்த பெண்களுக்கு லிப்ஸ்டிக் வாங்க ஆசை இருந்தது. எதை, எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஆளில்லை. கடையில் கிடைத்த வெளிநாட்டுச் சரக்கு வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் செய்தது. அவர் ஆசியத் தோலுக்கும் கறுப்பு முடிக்கும் எடுபடும் நிறங்களைக் கொண்டுவந்து டிபார்ட்மென்ட் ஸ்டோர் கவுண்டர்களில் வைத்தார். தொழில்நுட்பம் மேற்கிலிருந்து வந்தது. வாங்கியவள் சீனத்துப் பெண். தொலைக்காட்சியில் இரண்டு திசையிலும் போனவர், வியாபாரத்தில் ஒரே திசையில்தான் போனார். பிறகு கோட்டி நிறுவனம் உள்ளே வந்தது. 2004இல் லோரியல் அந்த பிராண்டை கோட்டியிடமிருந்து வாங்கிக்கொண்டது.

எதிர்த் திசையில் ஜெயித்தவர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் கென் ஹோம், 1984இல் பிபிசியில் சீனச் சமையல் தொடர் செய்தார். இரண்டு வருடம் கழித்துத் தன் பெயரில் வோக் வாணலி விற்க வந்தார். வாங்கியவர்கள் பிரிட்டிஷ் குடும்பங்கள். சீனத்து வோக்கின் அடி உருண்டை. பிரிட்டிஷ் வீட்டின் மின்சார அடுப்பில் அது உட்காராது, ஆடும், சூடும் ஏறாது. அதனால் அவர் பெயரில் வந்த வாணலிகளுக்கு அடி தட்டை. முகம் சீனம், பாத்திரம் அந்த ஊர் அடுப்புக்கு.

உங்கள் விஷயத்தில் எந்தத் திசை? லண்டனிலிருந்து எழுதுகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கும் நம் பெண்கள். அவர்கள் மேற்கு இல்லை. மயிலாப்பூர் நேயரின் அதே தோல், அதே முடி, வேறு முகவரி. ஆகவே உங்களுக்கு இருப்பது ஒரே வாடிக்கையாளர். அவரிடம் 'கிழக்கும் மேற்கும்' என்று சொல்லி எதையும் விற்க முடியாது. அவர் தோலுக்குப் பொருந்தும் ஒரு ஷேடை விற்கலாம். லண்டன் உங்களுக்குச் சட்டமும் சரக்குக் கட்டணமும் சம்பந்தப்பட்ட கேள்வி, அவ்வளவுதான். அதை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளுங்கள்.

இனி உங்கள் பட்டியல். லிப்ஸ்டிக் தவிர எல்லாவற்றையும் இப்போதைக்கு அடித்துவிடச் சொல்கிறேன்.

கண்மை: விளக்குப் புகையில் பிடித்த மை என்று சொல்லி விற்கத்தான் ஆசை வரும். அந்தப் புகைக்கரியில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பேட்சுக்கும் காகிதம் காட்ட முடியாது. அமெரிக்காவில் கோல் எனப்படும் மரபுக் கண்மையை நிறமியாகச் சேர்க்கவே அனுமதி இல்லை. சுர்மா வகைகளில் ஈயம் அகப்பட்ட வரலாறு நீளம். அந்த நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், வருடத்துக்குச் சராசரி பத்து லட்சம் டாலருக்குக் கீழ் விற்கும் சிறு நிறுவனங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு தருகிறது. கண்ணின் ஈரச் சவ்வில் படும் பொருளுக்கு அந்த விலக்கும் இல்லை. டொராண்டோவுக்கு அடுத்து நியூஜெர்சி என்று கணக்குப் போட்டிருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் க்ரீம்: தலையணை உறை மஞ்சளாகும், முதல் புகார் அதுதான். இரண்டாவது புகார் நிறம். குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும், காரத்தன்மை ஏறினால் செம்பழுப்பாகும். கண்ணாடி ஜாரில் போட்டு ஷோகேஸில் வைத்த க்ரீம், ஜன்னல் பக்கம் மட்டும் வெளுத்து நிற்பதைக் கடைகளில் பார்க்கலாம். நிறமில்லாத டெட்ராஹைட்ரோ குர்குமின் போட்டுச் செய்கிறவர்கள் உண்டு. விலை அதிகம், மஞ்சளின் கவர்ச்சியும் போய்விடும். பரு போகும், கரும்புள்ளி குணமாகும் என்று அட்டையில் ஒரு வரி போட்டால் பொருள் அழகுசாதனம் என்ற வரையறையைத் தாண்டி மருந்துச் சட்டத்துக்குள் போய்விடும், இங்கேயும் லண்டனிலும். ஆயுர்வேதம் என்று எழுதி விற்பதாக இருந்தால் ஆயுஷ் உரிமம் தனி.

கூந்தல் தைலம்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். லண்டன் குளியலறையில் வருடத்தில் பல மாதம் அது கட்டியாகத்தான் இருக்கும். நீங்கள் அனுப்பிய மாதிரிப் படத்தில் பாட்டிலின் மூக்கு ஊசி போல இருக்கிறது. உறைந்த எண்ணெய் அதன் வழியே ஒரு சொட்டும் வராது. அகன்ற வாய் டப்பாவா, நல்லெண்ணெய் கலந்து உறைநிலையைக் குறைப்பதா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

சன்ஸ்க்ரீன்: வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எஸ்பிஎஃப் எண்ணை அட்டையில் போட, பொதுவாக மனிதத் தோலில் செய்த பரிசோதனை அறிக்கை வேண்டும். ஃபார்முலாவை மாற்றினால் மறுபடி செலவு. அமெரிக்காவில் அது அழகுசாதனமே இல்லை, மருந்து.

லிப்ஸ்டிக்கை ஏன் விடச் சொல்லவில்லை? தண்ணீர் இல்லாத பொருள், ஆகவே கிருமித் தொல்லை குறைவு. எடை குறைவு, 3.5 கிராம். உங்கள் முகம் திரையில் போட்டுக் காட்டினால் பார்த்தவுடன் புரிவது. நம் தோலுக்கு இன்னமும் சரியாகக் கிடைக்காத நிறங்கள் இருப்பதும் அதில்தான்.

நம் ஊர் உதட்டுக்கு ஓரத்தில் ஒரு கருமை இருக்கும். பலருக்கு மேலுதடு கீழுதட்டைவிட ஒரு பிடி அடர்த்தி. இளஞ்சிவப்பு, 'நியூட்' வகை ஷேடுகளில் வெளுப்புக்காக டைட்டானியம் டைஆக்சைடைத் தாராளமாகக் கொட்டுவார்கள். அது கருத்த உதட்டின் மேல் படிந்ததும் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். பவுண்டேஷனில் முகம் சுண்ணாம்படித்த மாதிரி ஆவதற்கும் இதுதான் காரணம். தயாரிப்பாளர் உடனே கறுப்பு இரும்பு ஆக்சைடைச் சேர்த்து அடர்த்தியாக்குவார். அப்போது நிறம் சேறாகும். செய்ய வேண்டியது வேறு: வெள்ளையைக் குறைத்து, சிவப்பு, மஞ்சள் இரும்பு ஆக்சைடுகளின் விகிதத்தை ஏற்றுங்கள். லேப் ஆளிடம் 'கொஞ்சம் டார்க்காக' என்று சொன்னால் அவர் கறுப்புக்குத்தான் போவார். 'வெள்ளையைப் பாதியாக்கி, சிவப்பை அரை சதவீதம் ஏற்றி ஒரு மாதிரி, மஞ்சளை அரை சதவீதம் ஏற்றி ஒரு மாதிரி' என்று எழுத்தில் கொடுங்கள்.

உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு ஆபத்து இதில் இருக்கிறது. ஸ்டூடியோ விளக்கில் பல வருடம் முகம் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. அந்த வெளிச்சத்தில் அழகாக நிற்கும் நிறம் பகலில் பஸ் ஸ்டாப்பில் துருத்திக்கொண்டு தெரியும். ஷேடு தேர்வைக் காலை பத்து மணிக்கு, வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கத்தில் நின்று செய்யுங்கள். வெள்ளை அட்டையில் தீற்றிப் பார்க்காதீர்கள். கையின் உட்புறத்திலும் பார்க்காதீர்கள், அது உதட்டைவிட வெளுப்பு. மாநிறம், கருமை, வெளுப்பு என்று ஐந்தாறு பெண்களின் உதட்டில் போடச் சொல்லி, போட்டவுடன் ஒரு படம், காபி குடித்த பிறகு ஒரு படம், நாலு மணி நேரம் கழித்து ஒரு படம் எடுங்கள். மேக்கப் உதவியாளர்களை மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டாம். அவர்கள் எதையும் அழகாகப் போட்டுவிடுவார்கள். அடிக்கடி லிப்ஸ்டிக் போடாத ஆசிரியை, வங்கி ஊழியர் மாதிரியானவர்கள் வேண்டும்.

நிறமிகளைத் தேர்வு செய்யும்போது லண்டனை மறக்காதீர்கள். இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் உதட்டுக்கு அனுமதி உள்ளவற்றை மட்டும் எடுங்கள்: இரும்பு ஆக்சைடுகள் 77491, 77492, 77499, டைட்டானியம் டைஆக்சைடு 77891, சிவப்புக்கு 15850. இந்த எண்கள் வண்ணக் குறியீட்டு எண்கள். லேபிளில் இப்படித்தான் வரும். கடைசியாகச் சொன்ன சிவப்பு செயற்கைச் சாயம். அமெரிக்காவில் விற்க அந்நாட்டு அரசு பேட்ச் வாரியாகச் சான்றளித்த சாயமாகவே இருக்க வேண்டும். இன்றைக்கு மலிவான ஒரு சாயத்தைப் போட்டுவிட்டு நாளைக்கு ஏற்றுமதிக்காக மாற்றினால் ஷேடும் மாறும், பழைய வாடிக்கையாளர் 'முன்ன மாதிரி இல்லை' என்பார். கார்மைனும் வேண்டாம். அழகான சிவப்புதான், ஆனால் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது. சைவ வீடுகளுக்கு ஒரு முறை தெரிந்தால் போதும்.

லிப்ஸ்டிக்கின் பெரும் பங்கு ஆமணக்கெண்ணெய் (உலகுக்கே அதை அனுப்புவது குஜராத்), அடுத்து கேண்டலில்லா, கார்னாபா, தேன்மெழுகு போன்ற மெழுகுகள், கடைசியாகப் பத்து சதவீதத்துக்குள் நிறமி. தவறு நடக்கும் இடங்கள் மூன்று. நிறமியை எண்ணெயில் மூன்று உருளை அரவையில் சரியாக அரைக்காவிட்டால் உதட்டில் நறநறக்கும், கோடு கோடாக விழும். மெழுகுக்கும் எண்ணெய்க்கும் ஒத்துவராவிட்டால் வெயிலில் குச்சியின் மேல் வியர்வை மாதிரி எண்ணெய்த் துளி பூக்கும். எண்ணெய் பழசாக இருந்தால் இரண்டு மாதத்தில் சிக்கு வாடை. அதனால் மாதிரி கையில் வந்தவுடன் வாசனை திரவியம் சேர்க்காத ஒரு குச்சியும் கேட்டு வாங்கி முகர்ந்து பாருங்கள். நறுமணம் போட்டு எண்ணெயின் குறையை மூடியிருப்பார்கள்.

சூட்டுச் சோதனையில் சமரசம் வேண்டாம். 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் மூன்று மாதம் என்பது துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை. அது போக, குச்சியை முழுதாகத் திருகி வெளியே நிறுத்தி 50 டிகிரி ஓவனில் ஒரு நாள் வையுங்கள். தலை சாய்ந்தால் ஃபார்முலா திரும்பிப் போகட்டும். மே மாதம் கூரியர் வேன் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெட்டியாக்குகிறேன் என்று மெழுகை ஏற்றிவிட்டால் லண்டன் குளிரில் உதட்டில் சரியாகப் படியாது, குச்சி உடையும். 5 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் சுழற்சிச் சோதனை அதற்குத்தான்.

உரிமத்தைப் பற்றிக் கொஞ்சம். 2020 அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம் தருவது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, தேர்ட் பார்ட்டி: உரிமம் தொழிற்சாலையுடையது, அட்டையில் 'தயாரிப்பு அவர், விற்பனை நீங்கள்' என்று வரும். மற்றொன்று, லோன் லைசென்ஸ்: இன்னொருவர் தொழிற்சாலையில் உங்கள் பெயரில் உரிமம், காஸ் 6 (COS-6) படிவத்தில் விண்ணப்பித்தால் காஸ் 9 படிவத்தில் கிடைக்கும். முதல் வருடத்துக்குத் தேர்ட் பார்ட்டி போதும். ஆனால் ஃபார்முலா யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் தொழிற்சாலை மாறும் நாளில் உங்கள் கையில் காலி டப்பாதான் இருக்கும். முழு ஃபார்முலாவைத் தர மறுத்தால், பொருட்களின் சதவீதத்தை முத்திரையிட்ட உறையில் ஒரு வக்கீலிடம் வைக்கும் ஏற்பாட்டுக்காவது ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். ஒவ்வொரு நிறமிக்கும் ஈயம் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 20 பங்கு), ஆர்செனிக் 2 பிபிஎம்முக்குள் என்ற சான்றிதழ், பேட்ச் வாரியாக வேண்டும். லிப்ஸ்டிக்குக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 9875. அந்த அறிக்கை இல்லாமல் சரக்கை இறக்க வேண்டாம்.

இப்போது பணம். 22 அயிட்டம், ஒவ்வொன்றும் ஆயிரம், 85 ரூபாய் வீதம்: 18 லட்சத்து 70 ஆயிரம் சரக்கிலேயே முடங்கும். மிச்சம் ஆறு லட்சத்தில் சோதனை, டிசைன், விளம்பரம், குடோன் எல்லாம் நடக்காது. ஒரு வரிசையில் ஒன்றிரண்டு ஷேடு ஓடும், மற்றவை தூங்கும் என்பது இத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. எவை ஓடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, உங்களாலும்தான். அதனால் லிப்ஸ்டிக்கில் மூன்று ஷேடு மட்டும், ஆயிரம் வீதம் எடுத்தால் இரண்டரை லட்சம் சொச்சம். ஆயிரம் குச்சிக்கு மூன்றரைக் கிலோ கலவை. ஊற்றும்போது, பாத்திரத்தில் ஒட்டும்போது போவது சேர்த்து நாலு கிலோ கரைப்பார்கள். மீதி அரைக் கிலோவுக்கும் உங்களிடமே காசு வாங்குவார்கள் என்பதால் அதைச் சின்னச் சின்ன மாதிரி டப்பாக்களில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். கடைக்கு டெஸ்டர் ஆகிவிடும்.

499 ரூபாய் என்று அட்டை விலை வைத்தால் அதில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடக்கம். சுமார் 76 ரூபாய் போய் 423 நிற்கும். கடைக்காரர் 40 சதவீதம் கேட்டால் 169 போகும். கையில் 254. சரக்கு 85 போக 169. இதில் கூரியர், உடைந்தது, திரும்பி வந்தது, டெஸ்டர், விளம்பரம் எல்லாம் அடங்க வேண்டும். 299க்கு விற்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வரி, கடை, சரக்கு போக 67 ரூபாய். சம்பளம் கொடுக்க முடியாது. முதல் ஆர்டர் போடும்போதே இரண்டாவது ஆர்டருக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். ஓடும் ஷேடு தீர்ந்து, அடுத்த சரக்கு வர ஒன்றரை மாதம் ஆனால், உங்கள் முகத்துக்காக முதல் முறை வாங்கியவர் அதற்குள் வேறு பிராண்டுக்குப் போயிருப்பார்.

சேனல் ஒப்பந்தத்தை எடுத்து இன்று இரவே படியுங்கள். நிகழ்ச்சித் துண்டுகளை விளம்பரத்தில் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் இருப்பது உங்கள் முகம்தான், ஆனால் காட்சியின் காப்புரிமை பெரும்பாலும் சேனலுடையது. நிகழ்ச்சியின் பெயரும் அப்படியே. ஒப்பந்தக் காலத்தில் வேறு வியாபாரம், விளம்பரம் கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா, விலகிய பிறகு எத்தனை மாதம் அது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதைப் பாருங்கள். எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு துண்டும் வேண்டாம்; புதிதாகப் படம் பிடிக்க ஒரு நாள் போதும். உங்கள் நிகழ்ச்சியிலேயே உங்கள் பொருளைப் பற்றிப் பேசினால், அது உங்களுடையது என்று பார்க்கிறவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான வாக்குறுதிக்கு விளம்பரத்தில் தோன்றியவருக்கும் முதல் தடவை பத்து லட்சம் வரை அபராதம் விழலாம்; ஒரு வருடம் விளம்பரத்தில் தோன்றத் தடையும் வரலாம். உங்களுக்குத் தொழிலே அதுதான்.

இரண்டாம் வருடம் லண்டன் போகும்போது தேவைப்படுவது: பிரிட்டனில் முகவரியுள்ள 'பொறுப்பு நபர்' ஒருவர், ஒவ்வொரு ஃபார்முலாவுக்கும் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் கையெழுத்திட்ட பாதுகாப்பு அறிக்கை, அதை உள்ளடக்கிய பொருள் விவரக் கோப்பு (கடைசி பேட்ச் வெளிவந்து பத்து வருடம் வரை வைத்திருக்க வேண்டும்), அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்னறிவிப்பு. மூன்று ஷேடும் ஒரே அடிப்படைக் கலவையாக இருந்தால் மதிப்பீட்டுச் செலவு வெகுவாகக் குறையும், அதையும் இப்போதே லேபில் சொல்லிவிடுங்கள். சூட்கேஸில் ஐம்பது குச்சி எடுத்துப்போய்க் கோயில் திருவிழாவில் விற்பதும் சட்டப்படி சந்தைப்படுத்தல்தான். உறவினர் யாராவது அந்த யோசனையைச் சொல்வார்கள்.

இனி அந்த 60 லட்சம்.

பங்கு 51 சதவீதம் என்பதைவிட ஆபத்தான வரி 'பெயரின் முழு உரிமை' என்பது. நீங்கள் இணைத்த வரைவில் 'அனைத்துப் பொருட்கள், சேவைகள்' என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நீங்கள் மேக்கப் பயிற்சி வகுப்பு நடத்தினாலும், சமையல் புத்தகம் போட்டாலும், சேனல் மாறி நிகழ்ச்சிக்கு உங்கள் பெயர் வைத்தாலும் அவரிடம் கேட்க வேண்டி வரும். சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதை வணிகக்குறி (டிரேட்மார்க்) சட்டத்தின் 35ஆம் பிரிவு காப்பாற்றும் என்று யாராவது தைரியம் சொல்லலாம். பயன்படுத்த மாட்டேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு அந்தப் பிரிவை நம்பி உட்கார முடியாது. உங்கள் முன்மாதிரியின் பெயர் தாங்கிய பிராண்டு கைமாறிக் கைமாறி லோரியல் வரை போனதை மேலே சொன்னேன். பெயர் பிராண்டான பிறகு அது விற்கக்கூடிய சரக்கு. விற்பதில் தப்பில்லை. எந்த அளவுக்கு, எந்த விலைக்கு என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலீடு செய்கிறவரிடம் பேசும் முன் உங்கள் வேலை இது. வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில், அழகுசாதனப் பொருட்களுக்கான மூன்றாம் வகுப்பில் உங்கள் பெயரைத் தேடுங்கள். எழுத்துத் தேடலோடு ஒலித் தேடலும் செய்யுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். உங்களுடையது பரவலான பெயர் என்பதால் அழகுசாதன வகுப்பில் ஏற்கெனவே யாராவது உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்தோ, முழுக்க வேறு சொல்லாகவோ பிராண்டு வையுங்கள். 'வழங்குபவர்' என்று உங்கள் பெயர் சின்னதாகக் கீழே வரட்டும். தனிநபராக இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். மூன்றாம் வகுப்பும், பயிற்சி, நிகழ்ச்சிகளுக்கான 41ஆம் வகுப்பும் உங்கள் சொந்தப் பெயரில் எடுங்கள், கம்பெனி பெயரில் வேண்டாம். இங்கே விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் பிரிட்டனிலும் போட்டால் இங்குள்ள தேதியே அங்கும் செல்லும்.

விண்ணப்ப எண் கையில் வந்த பிறகு அவரோடு உட்காருங்கள். பெயரை எழுதிக் கொடுப்பதற்குப் பதில் உபயோகிக்க அனுமதி: மூன்றாம் வகுப்புக்கு மட்டும், ஐந்து வருடத்துக்கு, இந்தியாவுக்கு. ஒவ்வொரு புது ஷேடுக்கும் உங்கள் எழுத்துச் சம்மதம். உங்கள் படத்துக்குத் தனி ஒப்பந்தம்; நீங்கள் விலகிய தொண்ணூறு நாளில் அட்டையிலிருந்து படம் போய்விட வேண்டும். கம்பெனி மூடினாலோ, தொடர்ந்து ஒரு வருடம் சரக்கு விற்காவிட்டாலோ அனுமதி தானாக முடியும். 51 சதவீதத்தில் அவர் பிடிவாதமாக இருந்தால், இந்தக் கடைசி ஷரத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று ஷேடுக்கு அவர் பணம் அவசியமே இல்லை என்பதையும் மேலே போட்ட கணக்கு சொல்கிறது. ஆறு மாத விற்பனைக் கணக்கோடு போனால் அதே 60 லட்சத்துக்கு அவர் 51 கேட்க மாட்டார்.